நீல டப்பாவில் பழசும் புதுசும்

"நான் வீட்டுக்கு வரலாமா?" என்று தங்கை போனில் கேட்டாள். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே போர்வைக்குள் பதினாறு வருஷம் இழுபறி பண்ணித் தூங்கியவள் வரலாமா என்று அனுமதி கேட்கிறாள். பெரியவளுக்குச் சுருக்கென்றது. "இதென்னடி கேள்வி, வா" என்று சொல்லி போனை வைத்தாள். அதற்கப்புறம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த மாதம் சின்னவள் ஒரு வேலையாக வேறு ஊருக்குப் போகிறாள். இங்கே பஸ் மாற வேண்டும். ஒரு பஸ்ஸுக்கும் இன்னொரு பஸ்ஸுக்கும் நடுவில் மூன்று மணி நேரம். அதை பஸ் நிலையத்தில் கழிக்காமல் அக்கா வீட்டில் கழிக்கலாமா என்று கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் அவளாக வருகிறேன் என்று சொல்லி ஆறு வருஷம் ஆயிற்று.

அந்த ஆறு வருஷத்துக்கும் காரணம் ஒரு கிண்ணம் ஜெல்லி. சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு பெரியவளும் சிரிக்கத்தான் செய்தாள்.

சின்னவள் அப்போதுதான் கறி, மீன், முட்டை, பால், தேன் என்று உயிருள்ள எதிலிருந்தும் வருகிற எல்லாவற்றையும் விட்டிருந்தாள். விட்டதோடு நின்றால் பரவாயில்லை. எந்த பாக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தை மூக்கில் இடிக்கிற தூரத்தில் வைத்துப் படிப்பாள். பெரியவளுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். நான் ஆக்கிப்போட்டதைத் தின்று வளர்ந்தவள், இன்றைக்கு என் வீட்டு பாக்கெட்டுக்குப் பரீட்சை வைக்கிறாளே என்று இருக்கும். ஒருநாள் சிவப்பு ஜெல்லி செய்து கிண்ணத்தில் வைத்தாள். "இதுல என்னக்கா இருக்கு?" என்று சின்னவள் கேட்டாள். "சர்க்கரை, தண்ணி, கலரு. வேற என்ன இருக்கப் போவுது?" என்றாள் பெரியவள். சின்னவள் நம்பிச் சாப்பிட்டாள். ஸ்பூனை வழித்து முடித்த பிறகு பெரியவள் அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்து அவள் முன்னால் ஆட்டினாள். ஜெலட்டின் என்று போட்டிருந்தது. "தோலையும் எலும்பையும்தான் தின்னிருக்கே. என்ன ஆயிடுச்சு, செத்தா போயிட்டே?" என்று கேட்டுச் சிரித்தாள். வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

சின்னவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் மறுவாரமே சமாதானம் ஆகியிருக்கும்.

அதன் பிறகு மாதம் ஒரு போன். நல்லா இருக்கியா, இருக்கேன், நீ. மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா போனபோது வந்தாள், இரண்டு நாள் இருந்தாள். சாப்பாடு அவளுடைய டப்பாவில் வந்தது. அது போகட்டும். தண்ணீர்கூட அவள் பாட்டிலில் கொண்டுவந்ததைத்தான் குடித்தாள். தீர்ந்ததும் தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கி வந்தாள். சமையலறைக் குழாய் ஐந்தடி தூரத்தில் இருந்தது. பெரியவள் அம்மாவுக்காக அழுததில் பாதி அந்த பாட்டிலுக்காக அழுதது. யாருக்கும் அது தெரியாது.

ஆகவே பெரியவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வருகிறவள் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும்.

வாழைப்பழம் வாங்கி வைத்தால் தீர்ந்தது, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள். ஆனால் பழத்தைப் பழக்கடைக்காரர்கூடக் கொடுப்பார். இவள் கொடுக்க நினைத்தது வேறு. அம்மா ஷிப்ட் வேலைக்குப் போனவள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆள் இருக்காது, ஒரு நீல டப்பா இருக்கும். உள்ளே ரோஸ் க்ரீம் வைத்த பிஸ்கட். சின்னவள் அதைத் திருகிப் பிரித்து க்ரீமை நக்கிவிட்டு, க்ரீம் இல்லாத பக்கத்தை அக்காவிடம் நீட்டுவாள். இருவருக்கும் வீட்டுச் சாப்பாடு என்றால் அதுதான். அந்த பிஸ்கட்டை இவள் மறுபடி தங்கைக்குத் தன் கையால் கொடுக்க வேண்டும்.

பெரியவளுக்கு வேலை ஒரு பெரிய மளிகைக் கடையில். அலமாரிகளில் சரக்கை அடுக்குவது, தேதி முடிந்ததை எடுப்பது. பதினோரு வருஷமாக பாக்கெட்டுகளின் முன்பக்கத்தோடுதான் அவளுக்குப் பழக்கம். இந்த ஒரு மாதத்தில்தான் பின்பக்கத்தோடு பழகினாள். இடைவேளையில் ஆபீஸ் மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு அலமாரி நின்றாள்.

படிக்கப் படிக்க அவளுக்குத் தலை சுற்றியது. பஞ்சு போல மெத்தென்ற மார்ஷ்மெல்லோ மிட்டாயில் ஜெலட்டின், சரி, அது தெரிந்த எதிரி. பளபளவென்று மின்னுகிற மிட்டாய்க்கு மேலே பூசியிருப்பது அரக்கு, அது பூச்சி கக்குவது. சில ரொட்டி மாவு மிருதுவாக வருவதற்குப் போடுகிற ஒன்றைக் கோழி இறகிலிருந்தும் எடுப்பார்களாம். சீஸுக்குப் பாலைத் திரிய வைக்கப் போடுவது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது. உருளைக்கிழங்கு வறுவலில் மோர்ப்பொடி, அது அங்கே என்ன செய்கிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். காலை உணவு கார்ன்ஃப்ளேக்ஸில் வைட்டமின் டி என்று நல்ல பிள்ளையாகப் போட்டிருக்கிறது, அதையும் ஆட்டு ரோமத்து எண்ணெய்ப்பிசுக்கிலிருந்து எடுப்பதுண்டு. கண்டுபிடித்ததையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

கடை மேற்பார்வையாளருக்கு மீசை என்று பெயர். மீசையை எடுத்து நாலு வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. அவர் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னக்கா, பாக்கெட்டுக்கெல்லாம் கண் டெஸ்டு நடக்குதா?"

"இந்த ரோஸ் க்ரீம் பிஸ்கட்ல கலருக்கு ஈ நூத்தியிருபதுன்னு போட்டிருக்கானே, அது என்ன?"

"ஈயா? இருங்க." போனில் தட்டிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகியது. "ஈ இல்லக்கா, வேற பூச்சி. கள்ளிச்செடியில ஒட்டிக்கிட்டு இருக்குமாம். காயவச்சு அரைச்சா சிவப்பு கலராம்." போனைப் பையில் போட்டார். "நான் சின்ன வயசுலேர்ந்து இதைத்தானே தின்னுக்கிட்டு இருக்கேன்."

"நாங்களும்தான்" என்றாள் பெரியவள்.

பிறகு மீசையும் தேடலில் சேர்ந்துகொண்டார். மனுஷனுக்கு வாய் நீளம், மனசு நல்லது. மூன்றாவது வாரம் புதுச் சரக்கில் அவரே ஒரு பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே ரோஸ், அதே வட்டம். சிவப்புக்கு பீட்ரூட் என்று போட்டிருந்தது. பால் இல்லை, மோர்ப்பொடி இல்லை. ஒன்றே ஒன்று உதைத்தது. ஈ 471 என்கிற சேர்மான நம்பர். அது செடிக் கொழுப்பிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம், பாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெரியவள் விடவில்லை. பாக்கெட்டில் இருந்த விலாசத்துக்கு உட்கார்ந்து கடிதம் எழுதினாள். பத்தாம் நாள் பதில் வந்தது. எங்கள் பிஸ்கட்டில் சேர்ப்பது பாமாயிலிலிருந்து எடுத்தது மட்டுமே, தங்கள் அக்கறைக்கு நன்றி. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இரண்டு பாக்கெட் வாங்கினாள்.

அந்த நாளும் வந்தது. வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். பெரியவள் வீட்டைப் பெருக்கி, மேஜையைத் துடைத்து, பால் சேர்க்காத டீக்கு இலை எடுத்து வைத்து, மணியைப் பார்த்துக்கொண்டே கைக்கு வந்த வேலையெல்லாம் செய்தாள். மனசு பஸ் நிலையத்தில் இருந்தது. வாசல் மணி அடித்தது.

சின்னவள் மெலிந்திருந்தாள். நெற்றியோரம் நரை. அம்மாவின் நரை அதே இடத்தில்தான் தொடங்கியது. கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று இருவருக்கும் தெரியாமல் பையை வாங்கிக்கொள்வது என்ற பெயரில் கையைத் தொட்டுக்கொண்டார்கள். சமையலறையில் உட்கார்ந்ததும் சின்னவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பையின் வாயில் சாப்பாட்டு டப்பாவின் மூடி தெரிந்தது. பெரியவள் இரண்டையும் பார்க்காத மாதிரி டீயை ஊற்றி அவள் முன்னால் வைத்தாள், நீல டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள்.

"இன்னும் இதை வச்சிருக்கியா?"

"அம்மா வச்சிருந்தது, தூக்கியா போட முடியும்? எடுத்துக்கோ குட்டி. நீ சாப்பிடுறதுதான். எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன்."

சின்னவள் டப்பாவையும் பார்த்தாள், அக்காவையும் பார்த்தாள். "பாக்கெட் இருக்கா?"

கேள்வியில் குத்தல் இல்லை. டாக்டர் சீட்டு இருக்கா என்று மருந்துக்கடையில் கேட்பார்களே, அப்படித்தான் கேட்டாள். பெரியவள் எழுந்து குப்பைக்கூடையைத் திறந்தாள். காலி. காலையில் மணியைப் பார்த்துக்கொண்டே செய்த வேலைகளில் அதுவும் ஒன்று. இரண்டு பாக்கெட்டையும் பிரித்து டப்பாவில் கொட்டி, காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டு, கூடையைத் தெருவில் வைத்திருக்கிறாள். ஒன்பது மணிக்கே வண்டி வந்து அள்ளிப் போய்விட்டது. ஒரு மாதம் படித்த பாக்கெட்டை ஒரு நிமிஷத்தில் தூக்கிப் போட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"குப்பை வண்டி கொண்டுபோயிடுச்சு" என்றாள். சொல்லும்போதே தன் காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

சின்னவள் டீ டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தினாள். குடிக்கவில்லை.

பெரியவள் நின்றபடியே ஒப்பிக்க ஆரம்பித்தாள். "கோதுமை மாவு, சர்க்கரை, பாமாயில், குளுக்கோஸ் பாகு, சோள மாவு, உப்பு, பொங்க வைக்க ஈ ஐநூறு, பீட்ரூட் சிவப்பு, வெனிலா வாசனை, ஈ நானூத்தி எழுபத்தொண்ணு."

"நானூத்தி எழுபத்தொண்ணு எதுல இருந்துன்னு தெரியாதேக்கா."

"பாமாயில். எழுதிக் கேட்டேன்." ஃபிரிட்ஜ் கதவிலிருந்து கடிதத்தைப் பிய்த்து நீட்டினாள். ஒரு மூலை கதவிலேயே ஒட்டிக்கொண்டது.

சின்னவள் படித்தாள். நாலு வரிக் கடிதத்தை எவ்வளவு நேரம் படிப்பது? தேதியைப் பார்த்தாள், மேலே எழுதியிருந்த அக்காவின் பெயரைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டப்பாவுக்குள் கையை விட்டாள். மேலாக எடுக்கவில்லை. மணிக்கட்டு மறைகிற அளவுக்குக் கையை நுழைத்து, துழாவி, அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான். அடியில் இருப்பதுதான் நமுத்து மெத்தென்று இருக்கும், க்ரீம் உடையாமல் பிரியும் என்பது அவள் கட்சி.

சின்னவள் திருகினாள். அழகாகப் பிரிந்தது. க்ரீம் இல்லாத பக்கத்தை, யோசிக்கக்கூட இல்லை, அக்காவிடம் நீட்டினாள்.

பெரியவள் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்ததால் முதலில் சரியாகத் தெரியவில்லை. கட்டை விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. பிஸ்கட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். மீசை கொண்டுவந்த பாக்கெட்டில் இருந்தது ஓரத்தில் அலை போட்ட பிஸ்கட். புள்ளி போட்டது பழைய கம்பெனி.

அம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. டப்பா காலியாகிப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது. இருப்பது தீருவதற்கு முன்பே மேலே புதுசைக் கொட்டிவிடுவாள். பெரியவளும் அப்படியே பழகியவள். வீட்டுக்காரர் டீயில் தொட்டுக்கொள்ள வாங்கிய பழைய பிஸ்கட் டப்பாவில் பாதி இருந்தது. காலையில் அதன் மேலேயே புதுசைக் கொட்டியிருக்கிறாள். இரண்டும் ஒரே ரோஸ், ஒரே வட்டம்.

சின்னவள் க்ரீமை வாய்க்குக் கொண்டுபோனாள்.

சும்மா இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? காய்ந்த பூச்சியின் ஒரு துளித் தூள், நாக்குக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாது. சின்னவள் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக பஸ் ஏறுவாள். ஆறு வருஷம் முடிந்துவிடும். வாயைத் திறந்தால் இவள் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், இந்த முறை போனால் மாதம் ஒரு போனும் இருக்காது. இதெல்லாம் பெரியவளுக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்தது.

"குட்டி, அதைக் கீழ வை" என்றாள்.

சின்னவள் நிறுத்தினாள்.

"அது பழசு. பூச்சிக் கலரு. பழசு மேலயே புதுசைக் கொட்டிட்டேன். தெரியாமத்தான்டி கொட்டினேன், சத்தியமா தெரியாம."

சின்னவள் பிஸ்கட்டை மேஜையில் வைத்தாள். எழுந்தாள். தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குக் கிண்ணத்தைக் கழுவியபோதும் அவள் முதுகு இப்படித்தான் இருந்தது. பெரியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் திரும்பி வந்தாள். பைப் பக்கம் போகவில்லை. அலமாரி மேல் இருந்த பழைய செய்தித்தாளை எடுத்து மேஜையில் விரித்து, டப்பாவைக் கவிழ்த்தாள். பிஸ்கட்டெல்லாம் கடகடவென்று கொட்டின.

"எது எதுன்னு காட்டு."

"அலை போட்டது புதுசு. புள்ளி போட்டது பழசு."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தார்கள். அலை இந்தப் பக்கம், புள்ளி அந்தப் பக்கம். கை வேலையாக இருந்தால் வாய்க்குக் கொஞ்சம் தைரியம் வரும். பெரியவள் நிமிராமலேயே கேட்டாள்.

"ஏன்டி விட்டே? இதையெல்லாம்."

"ஆறு வருஷம் கழிச்சுக் கேக்குறே."

"கேக்குறேன்ல, சொல்லு."

"நான் எட்டு மாசம் ஒரு ஃபேக்டரிக்குப் போனேனே, ஞாபகம் இருக்கா?"

"பவுடர் ஃபேக்டரின்னு சொன்னே."

"ஆமா. லாரியில தோல் வரும். எடை போட்டு நம்பர் எழுதுறது என் வேலை. ஒருநாள் ஒரு தோல்ல காதும் சேர்ந்து வந்திருச்சு. காதுல மஞ்சக் கலர்ல நம்பர் சீட்டு, கம்மல் மாதிரி தொங்குது. சின்னக் கன்னுக்குட்டி. அந்த நம்பரையும் எழுதணுமான்னு சூப்பர்வைசரைக் கேட்டேன். அவர் சிரிச்சாரு." புள்ளி போட்ட ஒன்றை அந்தப் பக்கம் வைத்தாள். "அந்தத் தோலை வேகவச்சு எடுக்கிற பவுடர்தான்க்கா ஜெலட்டின்."

பெரியவளின் கை நின்றுவிட்டது. உலகத்தில் எத்தனையோ இருக்க, அதைக் கரைத்துக் கிண்ணத்தில் ஊற்றித் தங்கைக்குக் கொடுத்து, சிரிக்கவும் சிரித்திருக்கிறாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. சின்னவள் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. மிச்சத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரித்து முடித்து டப்பாவை நிமிர்த்தியபோது அதன் அடி தெரிந்தது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு துருவளையம், கொஞ்சம் தூள். அதை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"இதைப் பாக்க விடாமத்தான் அம்மா அந்தப் பாடு பட்டாளா" என்றாள் சின்னவள். பெரியவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

"புதுசு இவ்வளவு இருக்கு. ஒண்ணு எடுத்துக்கோயேன்."

"பழசோட தூள் ஒட்டியிருக்குக்கா."

உண்மைதான், ஒட்டியிருந்தது. பெரியவள் தலையாட்டினாள். வற்புறுத்தவில்லை.

சின்னவள் ஆறிப்போன டீ டம்ளரைத் தன் பக்கம் இழுத்தாள். "சூடு பண்ணித் தரேன் இரு" என்று பெரியவள் எழுந்தாள். "வேணாம், உக்காரு" என்று சொல்லிவிட்டு, சில்லிட்டுப்போன அந்த டீயைச் சின்னவள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பெரியவள் அவள் தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகியது. சின்னவள் பையைத் தோளில் போட்டாள். பாட்டிலை எடுத்தாள். அதில் பாதித் தண்ணீர் இருந்தது. அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்து, கழுத்து வரைக்கும் நிரப்பி மூடினாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அடுத்த வாட்டி பாக்கெட்டைத் தூக்கிப் போடாதே."

"போட மாட்டேன்."

அடுத்த வாட்டி எப்போது என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை பெரியவள் வாசலில் நின்றாள். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்றாள்.

உள்ளே வந்து, பிரித்த பிஸ்கட்டையெல்லாம் வீட்டுக்காரருக்கு வேறொரு டப்பாவில் போட்டாள். நீல டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, வெயில் விழுகிற ஜன்னலில் வாய் திறந்து வைத்தாள். இரண்டு முறை கை தானாக அதை நிரப்பப் போனது. இரண்டு முறையும் கையை இழுத்துக்கொண்டாள். அடுத்த பாக்கெட்டை அவள் வந்து பிரிக்கட்டும், அதுவரை டப்பா காலியாகவே இருக்கட்டும்.